மாவுக்கட்டம்மாவும் ஒழுக்கமுள்ள வண்டியும்

பூமி உருண்டையில் என்றைக்காவது விரிசல் விழுந்தால், கூப்பிட்டு அனுப்புவதற்கு ஒரே ஒரு ஆள்தான் உண்டு. மாவுக்கட்டம்மா. ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரும் நாற்பது லாரி கட்டுத்துணியும் கொடுத்தால் போதும். பூமத்திய ரேகையோடு வழவழவென்று ஒரு கட்டுப் போட்டுவிட்டு, "ஆறு வாரம் சுத்தக் கூடாது, நனைக்கக் கூடாது, உள்ள ஸ்கேல் விட்டுச் சொறியக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லி, கையைக் கழுவிக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார். கடலெல்லாம் என்ன செய்யும் என்று கேட்டால், "அது கடலோட பாடு" என்பார்.

அப்பேர்ப்பட்டவரை ஒரு கேரவன் வண்டியின் கூரை ஒரு வாரம் படாத பாடு படுத்தியது.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், எக்ஸ்ரே அறைக்கு அடுத்த கதவு மாவுக்கட்டு அறை. அங்கே இருபத்தேழு வருடம். சிங்கில் எப்போதும் வெள்ளைச் சகதி. தரையில் நடந்தால் செருப்பு வெள்ளையாகிவிடும், அதனால் அவர் போன வழியை வராந்தாவில் யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். பைக்கிலிருந்து விழுந்தவர், படியில் தவறியவர், கோபத்தில் சுவரைக் குத்திவிட்டு வழுக்கி விழுந்ததாகச் சொல்பவர் என்று எல்லா எலும்பும் அவர் கையில்தான் சேர்ந்திருக்கிறது. டாக்டர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு புது டாக்டரும் முதல் மாதம் அவருக்குக் கட்டுப் போடச் சொல்லிக்கொடுப்பார். இரண்டாவது மாதம் அவரிடம் கற்றுக்கொள்வார். சம்பளச் சீட்டில் மட்டும் இருபத்தேழு வருடமும் 'உதவியாளர்' என்றே இருந்தது.

அவருடைய வீட்டுக்காரர் கல்யாணமாகி நாலாவது வருடம் வேலை தேடி வெளியூர் போனார். திரும்பி வர இன்னும் பஸ் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அதிலிருந்து மாவுக்கட்டம்மா தங்கை வீட்டின் பின்னறையில் இருக்கிறார். அந்த அறையில் அவரோடு தங்கையின் பழைய தையல் மெஷினும், தங்கை வீட்டுக்காரரின் ஓடாத சைக்கிளும், எவருடையது என்றே தெரியாத ஒரு கட்டு ஜமுக்காளமும் குடியிருந்தன. பத்தொன்பது வருடத்தில் ஒருநாள்கூட அவர் 'எங்க வீடு' என்று சொன்னதில்லை. யார் கேட்டாலும் 'தங்கச்சி வீடு'தான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அவர் அந்தக் கேரவனை வாங்கினார். ஊர் சுற்றப் போகிறோம் என்று ஆசையாக வாங்கி, ஒரே ஒரு பயணம் போய்விட்டு வந்து, அதற்குப் பிறகு ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திவிட்ட ஒரு புருஷன் பெண்டாட்டியிடமிருந்து. மடக்குக் கட்டில், கையகலச் சிங்க், ஒற்றை அடுப்பு, கூரையில் திறந்து மூடும் ஒரு சதுர ஜன்னல். வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் தெருவே கூடி, "ஷூட்டிங் எங்கம்மா? ஹீரோ வந்துட்டாரா?" என்று கேட்டது. மாவுக்கட்டம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளிருந்து தாழ்ப்பாள் போடும்படி தனக்கென்று ஒரு கதவு கிடைத்தது அதுதான் முதல் தடவை.

இந்த வருடம் ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு புது ஆஸ்பத்திரி திறந்தார்கள். மாவுக்கட்டு அறைக்குப் பொறுப்பாளராக வரும்படி அவருக்குக் கடிதம் வந்தது. உதவியாளர் இல்லை, பொறுப்பாளர். தங்க இடம் கிடையாது, ஆனால் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொள்ளலாம், தண்ணீரும் கரண்டும் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும்.

தங்கை ஒப்புக்கொள்ளவில்லை. போன மழைக்கு அக்கா ஆசையாக இரண்டு நாள் வண்டியில் படுத்து, கூரை ஒழுகி, பத்து நாள் காய்ச்சலில் கிடந்தது அவளுக்குத்தான் தெரியும்.

"அங்க காய்ச்சல் வந்தா யாருக்கா கஞ்சி வச்சுக் குடுப்பா? ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாரு. ஒரு சொட்டு உள்ள வந்தாலும் வரலைன்னு லெட்டர் எழுதிடணும். என் மேல சத்தியம் பண்ணு."

"உன் மேல எதுக்குடி? ஒழுகறது நீயா?"

"சத்தியம் பண்ணுக்கா."

பண்ணினார். இப்படித்தான் ஒரு மனுஷியின் பாக்கி வாழ்க்கை ஒரு சொட்டுத் தண்ணீரில் போய் நின்றது.

புதன்கிழமை காலை வாசலில் நின்றபடி ஹார்டுவேர் கடைக்குப் போன் செய்தார். எதிர்முனையில் இருந்தவருக்குக் காது கொஞ்சம் மந்தம். "வண்டிக்கு சீல் வைக்கணுங்க! சீல்! ஆமா, இந்த வாரத்துக்குள்ள சீல் வச்சாகணும்!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டியதாயிற்று.

எதிர்வீட்டு டைலர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவர், அப்படியே எழுந்து வந்தார்.

"என்னம்மா இது அநியாயம்? யார் சீல் வைக்க வர்றாங்க?"

"யாரும் வரலைங்க. நானேதான் வைக்கப் போறேன்."

"நீங்களே வச்சுக்கறீங்களா?" டைலர் குரலைத் தாழ்த்தினார். "அவங்க வர்றதுக்கு முன்னாடியா? நல்ல யோசனைதான். பேப்பரெல்லாம் சரியா இருக்கா? எங்க மச்சானுக்கு ஒரு வக்கீல் பழக்கம்."

மாவுக்கட்டம்மா விளக்கினார். ஓட்டை, மழை, பசை. டைலர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வெளியே சொல்ல வேண்டாம் என்று அவர் கெஞ்சுவதாகப் புரிந்துகொண்டு போனார். பத்து மணிக்குள் தெருவில் நாலு பேர் அவரைத் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு பார்த்தார்கள். ஒரு அம்மாள் அதிகாரிகள் வரும்போது வேடிக்கை பார்க்க வசதியாக வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, காய் நறுக்க உட்கார்ந்துவிட்டார்.

"நறுக்குங்க நறுக்குங்க" என்று முணுமுணுத்துக்கொண்டு மாவுக்கட்டம்மா கடைக்குக் கிளம்பினார். கூடவே தங்கை மகளும் ஒட்டிக்கொண்டாள். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் அவளுக்கும் மனஸ்தாபம். எந்நேரமும் காதருகே எதையாவது பேசிக்கொண்டிருப்பதால் வீட்டில் அவளுக்குக் கொசு என்று பெயர்.

கடையில் ஒரு சுவர் முழுக்கக் குழாய் குழாயாகப் பசைகள் அடுக்கியிருந்தன. வெள்ளை, கறுப்பு, சாம்பல், கண்ணாடி நிறம். எல்லாக் குழாயின் மேலும் மழை படம். எல்லா மழையிலும் சிரித்த முகத்தோடு ஒரு குடும்பம்.

"எது நல்லது?" என்றார் மாவுக்கட்டம்மா.

"எல்லாமே நல்லதுதாம்மா" என்றார் கடைக்காரர். "உங்களுக்கு எப்படி ஒழுகுது? சொட்டா, கசிவா?"

"சொட்டு."

"எந்தப் பக்கம்?"

"தலைகாணிப் பக்கம்."

"அது சரி, கூரையில எந்தப் பக்கம்?"

"அது தெரிஞ்சா நான் ஏங்க இங்க வர்றேன்?"

கடைக்காரர் ஒரு குழாயை எடுத்தார். இது சிலிக்கான், பாத்ரூமுக்கு. இன்னொன்றை எடுத்தார். இது பி.யூ., இறுகினால் ரப்பர் மாதிரி, வெயிலுக்குக் கொஞ்சம் பயப்படும். இது தானாகப் பரவுகிற ரகம், மட்டமான கூரைக்கு மட்டும், சரிவில் போட்டால் வழிந்து ஓடிவிடும். இது சுருளாக வருகிற ரப்பர் டேப், ஜன்னல் சட்டத்துக்கு அடியில் வைத்து ஸ்க்ரூ முடுக்க வேண்டும். இது தார், ஒட்டினால் ஜென்மத்துக்கும் போகாது, உங்கள் கையிலிருந்தும் போகாது.

"பெரியம்மா, ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு வாங்கிட்டுப் போய் அப்பா மேல தடவிப் பாக்கலாம்" என்றாள் கொசு. "எது ஒட்டுதோ அது."

"வாயை மூடு. இல்லைன்னா முதல்ல உனக்குத்தான் தடவுவேன்."

அரை மணி நேரமாயிற்று. அவர் எதைக் கேட்டாலும் கடைக்காரர் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார். மாவுக்கட்டம்மாவின் பொறுமை நூல் நூலாகப் பிரிந்தது. கடைசியில் கவுன்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

"இதோ பாருங்க. எது எதோட ஒட்டும்னு இவ்வளவு நேரம் சொன்னீங்க. எது மேல எதுவுமே ஒட்டாது? அதை மட்டும் சொல்லுங்க."

கடைக்காரர் முதல் தடவையாக யோசித்தார். "பழைய சிலிக்கான் மேல எதுவும் ஒட்டாதும்மா. புது சிலிக்கானே ஒட்டாது."

மாவுக்கட்டம்மா மெதுவாகத் திரும்பிக் கொசுவைப் பார்த்தார். கொசு கூரையைப் பார்த்தாள். போன வருடம் தங்கை வீட்டுக்காரர், "இதுக்கெல்லாம் எதுக்குக்கா மெக்கானிக்? பாத்ரூமுக்கு வாங்கினதுல மிச்சம் இருக்கு" என்று சொல்லி, ஏணி வைத்து ஏறி, கேரவன் கூரை முழுவதும் வெள்ளை வெள்ளையாகப் பிதுக்கிவிட்டு, போட்டோவும் எடுத்துக்கொண்டது இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

பி.யூ. நாலு குழாய், தானாகப் பரவுகிற ரகம் இரண்டு, ரப்பர் டேப் ஒரு சுருள், பிளாஸ்டிக் சுரண்டி, ஸ்பிரிட். வீடு வந்ததும் மாவுக்கட்டம்மா நேராக ஏணியை எடுத்து வண்டியில் சாத்தினார்.

தங்கை வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். யார் எத்தனை நிமிடம் லேட் என்பதைத் தவிர உலகத்தில் எல்லாவற்றிலும் அவருக்கு ஒரு தாராளம் உண்டு. ஏணியின் கீழே நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"அக்கா, அதையெல்லாம் எதுக்கு எடுக்கறீங்க? நான் போட்டது இன்னும் உறுதியாத்தான் இருக்கு. அது மேலயே இன்னொரு கோட்டிங் குடுத்துடுங்க."

மேலே இருந்து மாவுக்கட்டம்மா ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார். முழு நீளத்துக்கும் வெள்ளை ரிப்பன் போல உரிந்து வந்தது.

"உறுதியாத்தான் இருக்கு மாப்பிள்ளை. வண்டியோட ஒட்டாம, தனியா, ரொம்ப உறுதியா இருக்கு. இருபத்தேழு வருஷத்துல பழைய கட்டு மேல ஒருநாளும் நான் புதுக் கட்டு போட்டதில்லை. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தலையில விழும்."

வியாழன் முழுக்க உரித்தார். கொசு கூட உட்கார்ந்து உரித்தாள். உரித்த வெள்ளைப் புழுக்களில் கொஞ்சத்தைத் தன் அப்பாவின் ஷூவுக்குள் சுருட்டி வைத்தாள். மறுநாள் காலை டிப்போவில் எல்லா பஸ்ஸும் நேரத்துக்கு வந்தன, டைம்கீப்பர்தான் நாலு நிமிடம் லேட்.

"பெரியம்மா, ஒரு சந்தேகம்" என்றாள் கொசு. "என் கடைசி ரிப்போர்ட்ல 'ஒழுக்கம்: திருப்தியில்லை'ன்னு போட்டிருந்தாங்க. அப்படின்னா நான் போதுமான அளவுக்கு ஒழுகலைன்னுதானே அர்த்தம்?"

"சுரண்டு."

"இந்த வண்டி எவ்வளவு நல்லா ஒழுகுது. ஊர்லயே ஒழுக்கமுள்ள வண்டி இதுதான். நீங்க போய் அதைக் கெடுக்கறீங்க."

மாவுக்கட்டம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஏணியில் நின்றுகொண்டு சிரிக்கக் கூடாது என்பதால் திட்டினார்.

உரித்தால் மட்டும் போதவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் எங்கோ பழைய பசை மிச்சமிருந்தது. தண்ணீர் தெளித்தால் அந்த இடத்தில் மட்டும் முத்து முத்தாக உருண்டது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்துத் தெளித்தார், உருண்டது. மறுபடியும் துடைத்தார். நூற்றுப் பதினாறு ஸ்க்ரூவைச் சுற்றியும் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தார். முழங்கால் தேய்ந்து, முதுகு பிளந்து, நடுநடுவே, "மாப்பிள்ளை, உங்களுக்கு ஒருநாள் கை உடையாமலா போகும்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வாசலில் நாற்காலி போட்டிருந்த அம்மாள் இரண்டு நாளாக அதிகாரிகள் யாரும் வராததில் சலித்துப்போய் நாற்காலியை உள்ளே எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஜன்னல் சட்டத்தைக் கழற்றி, டேப் வைத்து, திரும்பவும் முடுக்கினார். ஓரங்களில் பி.யூ., மேலே மட்டமான இடத்தில் தானாகப் பரவுகிறது. ஈரவிரலால் விளிம்பை வழித்துவிடும்போது கை தன் வேலையைத் தானே செய்தது. நோயாளியின் தோலில் உறுத்தக் கூடாது என்று கட்டின் ஓரத்தை மடித்துவிடுகிற அதே விரல். முடித்துவிட்டு யாரையும் ஏணிப் பக்கம் வர விடவில்லை. சனிக்கிழமை முழுவதும் அது இறுகியது. அவரும்தான்.

ஞாயிறு காலை தங்கை, தங்கை வீட்டுக்காரர், கொசு எல்லோரும் வாசலில் கூடினார்கள். தங்கை வீட்டுக்காரர் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு கூரையில் ஒரு மணி நேரம் மழை பெய்யவைத்தார். மாவுக்கட்டம்மா உள்ளே கட்டிலில் மல்லாந்து படுத்துக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தடதடவென்று சத்தம். ஒரு சொட்டு இல்லை. சத்தம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தார். வெளியே வந்தபோது தலைமுடி காய்ந்திருந்தது, கண் மட்டும் அவ்வளவாகக் காயவில்லை.

"சரிக்கா" என்றாள் தங்கை. "கஞ்சி வைக்கறதுக்கு ஒரு குக்கராவது எடுத்துட்டுப் போ."

குளித்துச் சாப்பிட்டுவிட்டு, துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மத்தியானம் வண்டிக்குள் போனவர் அப்படியே நின்றுவிட்டார். தலையணைக்கு மேலே கூரைப் பலகையில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. தலையணையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

தங்கை வந்து பார்த்தாள். "அக்கா" என்றாள். "சத்தியம் பண்ணியிருக்கே."

"தெரியும்டி."

"நான் வேணும்னு சொல்லலை."

"தெரியும்னு சொன்னேன்ல."

பின்னறைக்குப் போய், தையல் மெஷினின் மேல் காகிதத்தை வைத்து, 'மதிப்பிற்குரிய ஐயா' என்று எழுதினார். அடுத்த வார்த்தைக்குப் பேனா நகரவில்லை. ஒரு மணி நேர மழைக்கு வராத தண்ணீர், வெயில் காய்கிறபோது எங்கிருந்து வந்தது? எலும்பு உடைந்தது என்று யார் வந்து அழுதாலும் படம் எடுத்துப் பார்க்காமல் அவர் தொட்டதே இல்லை. இதற்கு யார் படம் எடுப்பது?

எழுந்தார். அலமாரியிலிருந்து மாவுக்கட்டுத் துணிச் சுருள் இரண்டை எடுத்தார். உலர்ந்திருக்கும்வரை துவளும், ஒரு துளி ஈரம் பட்டால் பட்ட இடம் கல்லாகிவிடும். சாண் சாணாக வெட்டி, கூரையின் உள்பக்கம் ஜன்னலைச் சுற்றியும், ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் ஒட்டினார். தலையணையின் மேலும் ஒரு துண்டு விரித்தார். யாரிடமும் எதற்கு என்று சொல்லவில்லை. தங்கை வீட்டுக்காரரைக் கூப்பிட்டு இன்னொரு மணி நேரம் மழை பெய்யச் சொன்னார். அது முடிந்ததும் எல்லாத் துண்டையும் தொட்டுப் பார்த்தார். எல்லாமே மெத்தென்று இருந்தன.

வெளியே வந்து, அலுத்துக்கொண்ட குரலில் எல்லோருக்கும் கேட்கும்படி, "நான் கொஞ்ச நேரம் படுக்கறேன். அப்புறமா வந்து பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனார்.

அரை மணி நேரம் கழித்து வந்தார். கூரைப் பலகையில், பழைய இடத்திலேயே ஒரு சொட்டு. அதைச் சுற்றி ஒட்டியிருந்த துண்டுகளைத் தொட்டார். அத்தனையும் துணி. தலையணைமேல் இருந்ததைத் தொட்டார். கல். மேலிருந்து வருகிற தண்ணீர் வழியில் எதையும் தொடாமல் நேராகத் தலையணைக்கு வராது. அதுமட்டுமில்லை. ஈரம் பட்டுச் சுருங்கிய அந்தத் துண்டை யாரோ அவசரமாக நீவி நேராக்கியிருந்தார்கள். நீவத் தெரியாமல் நீவியிருந்தார்கள், நாலு விரல் பள்ளம் அப்படியே இறுகிக் கிடந்தது.

வாசலுக்கு வந்தார். "எல்லாரும் கையைக் காட்டுங்க."

தங்கை காட்டினாள். தங்கை வீட்டுக்காரர், "அக்கா, இந்தத் தடவை சத்தியமா நான் எதையும் தொடலை" என்றபடி காட்டினார். கொசு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, தெருவில் சுவாரசியமாக ஏதோ நடப்பது போலத் திரும்பிக்கொண்டாள்.

"கொசு."

நீட்டினாள். நாலு நகத்துக்கு அடியிலும் வெள்ளை மாவு இறுகியிருந்தது.

"எதுல ஊத்துனே?"

"ஊசியில்லாத சிரிஞ்சு. உங்க மருந்து டப்பாவுலதான் இருந்துச்சு."

"ஏண்டி?"

கொசு தரையைப் பார்த்தாள். "பின்ரூம் காலியானா சைக்கிளுக்குத் தனியா பயமா இருக்கும்" என்றாள்.

தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாவுக்கட்டம்மா கையமர்த்தினார். கொசுவின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், கேரவனின் கையகலச் சிங்கில் தண்ணீரைத் திறந்து, ஒவ்வொரு நகமாக மாவைக் குடைந்து எடுத்தார். வலிக்கும்படிதான் எடுத்தார்.

"நான் நாளைக்கு விடியறதுக்கு முன்னாடியே கிளம்பறேன்."

"தெரியும்."

"லீவுக்கு வா. கட்டில் மடிக்கறது, கீழ இன்னொருத்தர் படுக்கலாம்."

"நான்தான் பள்ளிக்கூடமே போறதில்லையே. எனக்கு எல்லா நாளும் லீவுதான்."

"அதைப் பத்தி அங்க வந்ததும் பேசறேன்." சுண்டுவிரலைத் திருப்பிப் பார்த்து, கடைசித் துணுக்கையும் எடுத்துவிட்டுத் தண்ணீரை மூடினார். "அப்புறம், நீ என்னைப் பத்தி ஒரு நோட்டுல எழுதிட்டிருக்கறது எனக்குத் தெரியும். தையல் மெஷினுக்கு அடியில ஒளிச்சு வச்சா எனக்குத் தெரியாதா? எழுது, வேணாம்னு சொல்லலை. ஆனா தண்ணி ஊத்துனது யாருன்னு வர்ற இடத்துல பூனைன்னு எழுதி வச்சிருக்கே பாரு, அதை அடிச்சிட்டு ஒழுங்கா எழுது."

அடித்தாகிவிட்டது. ஊற்றியது கொசுதான். எழுதியதும்.